விரலால் இழுத்துப் பார்க்கும் கணிதம்: இணையப் பாடங்களுக்குள் என்ன நடக்கிறது?

தாராவியிலும் செம்பூரிலும் பிள்ளைகளைக் கணக்கு டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோருக்கு இப்போது ஒரு புதுக் குழப்பம். 'இன்டராக்டிவ் மேத்ஸ்' என்று சொல்லி மாதக் கட்டணம் கேட்கும் வகுப்புகள் மொபைலுக்குள் வந்துவிட்டன. திறந்து பார்த்தால் சிலவற்றில் வெறும் வீடியோ ஓடுகிறது. சிலவற்றில் படத்தைத் தொட்டு இழுக்க முடிகிறது. இன்னும் சிலவற்றில் பிள்ளை சரியான விடையைத்தான் தட்டுகிறது, ஆனாலும் 'தவறு' என்று சிவப்பில் வருகிறது. ஆசிரியர்களுக்கு வேறொரு தலைவலி: பத்து, பதினைந்து வருடம் முன்பு குறித்துவைத்த அருமையான பாடப் பக்கம் இன்று திறப்பதே இல்லை.

இதைப் புரிந்துகொள்ள, மூன்று வேலைகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கணிதத்தைத் திரையில் எழுதுவது ஒன்று. அதை அசைப்பது இன்னொன்று. மாணவர் தரும் விடையைத் திருத்துவது மூன்றாவது. இவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்களால் தீர்க்கப்பட்ட பிரச்சினைகள். ஒன்றைப் பிரமாதமாகச் செய்யும் தளம் இன்னொன்றில் கோட்டை விடலாம்.

எது ஊடாட்டம்?

மாணவர் ஒரு கணிதப் பொருளை மாற்றுகிறார். மற்றவை எல்லாம் கணித விதிப்படி உடனே தாமாக மாறுகின்றன. இதுதான் ஊடாட்டம். 'அடுத்து' என்ற பட்டனைத் தட்டினால் அடுத்த படம் வருவது புத்தகத்தில் பக்கம் புரட்டுவதற்குச் சமம். வீடியோ நடுவில் நின்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு மறுபடி ஓடுவதும் அப்படித்தான்.

ஒரு முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் உச்சியிலிருந்தும் எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்துக்கோடு வரைந்தால் மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்கும். அது செங்கோட்டு மையம். கரும்பலகையில் பெரும்பாலும் குறுங்கோண முக்கோணத்தையே வரைகிறோம், அதனால் அந்தப் புள்ளி உள்ளே அழகாக உட்கார்ந்திருக்கும். 'மையம் என்றால் உள்ளேதான்' என்று பிள்ளையின் மனதில் பதிந்துவிடும். இப்போது திரையில் ஓர் உச்சியை விரலால் இழுக்கட்டும். அந்த உச்சியில் இருக்கும் கோணம் 90 பாகையை நெருங்க நெருங்க, புள்ளி அந்த உச்சியை நோக்கி ஊர்ந்து வரும். 90 ஆனதும் உச்சியின் மேலேயே உட்காரும். 90-ஐத் தாண்டியதும் முக்கோணத்துக்கு வெளியே போய்விடும். நடுக்கோட்டு மையத்தை வைத்து இதையே செய்து பார்த்தால், எந்த உச்சியை எவ்வளவு இழுத்தாலும் அது வெளியே வராது. 'அது மட்டும் ஏன் வெளியே போகுது, இது ஏன் போகலை?' என்று பிள்ளை கேட்கும் இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வரைவது வேறு, அமைப்பது வேறு. நான்கு கோடுகளைக் கண்ணால் பார்த்துச் சதுரம் மாதிரி போட்டால் பார்வைக்கு அது சதுரம்தான். ஒரு மூலையை இழுத்ததும் கோணலாகிவிடும். ஒரு பக்கத்தைப் போட்டு, அதற்குச் செங்குத்து எடுத்து, வட்டத்தால் நீளத்தைச் சமப்படுத்தி அமைத்த சதுரம், இழுக்க இழுக்கப் பெரிதாகும், சிறிதாகும், திரும்பும்; சதுரமாகவே இருக்கும். இழுத்துப் பார்ப்பதே ஒரு சோதனையாகிவிடுகிறது. சதுரத்தின் வரையறையை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைக்கும் அதை அமைத்துக் காட்டும் பிள்ளைக்கும் உள்ள தூரம் இங்கே கண்ணுக்குத் தெரியும். காகிதத்தில் இந்த வசதி கிடையாது.

முதல் வேலை: எழுதுவது

நாம் பார்க்கும் இணையப் பக்கங்கள் என்ற ஏற்பாடு பிறந்ததே ஜெனீவா அருகே உள்ள செர்ன் என்ற இயற்பியல் ஆய்வகத்தில்தான். ஆனாலும் அதன் எழுத்து முறையில் ஒரு பின்னத்தை எழுத முதலில் வழியே இல்லை. 1995-இல் வந்த ஒரு வரைவில் கணிதத்துக்கு இடம் இருந்தது. அடுத்து வந்த பதிப்பில் அது விடுபட்டுப்போனது. 1998-இல் 'மேத்எம்எல்' என்ற தனி எழுத்து முறை அதிகாரப்பூர்வமாக வந்தது, ஆனால் எல்லா பிரவுசரும் அதை ஏற்கவில்லை. குரோம் 2013-இல் ஒரு பதிப்பில் அதைச் சேர்த்து, அடுத்த பதிப்பிலேயே எடுத்துவிட்டது. மறுபடி முறையாகச் சேர்த்தது 2023 ஜனவரியில். நடுவில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு போய்விட்டது.

இடைப்பட்ட காலத்தில் பலரும் செய்தது, சூத்திரத்தைப் படமாக ஒட்டுவது. பெரிதாக்கினால் மங்கும். பார்வையற்ற மாணவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு அது வெறும் படம். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இந்த இடைவெளியை நிரப்பியவை 2010-இல் வெளிவந்த மேத்ஜாக்ஸ், 2014-இல் கான் அகாடமி என்ற இலவசப் பாடத் தளம் வெளியிட்ட காடெக்ஸ் ஆகிய இரண்டு இலவச நிரல் தொகுப்புகள். கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் 1978-இல் அச்சுக்கோப்புக்காக உருவாக்கிய 'டெக்' என்ற குறிமுறையில் ஆசிரியர் சூத்திரத்தைத் தட்டினால், இவை அதைப் பிரவுசருக்குள் அழகாக அடுக்கிக் காட்டும்.

தமிழுக்கு இங்கே தனிச் சிக்கல் உண்டு. மேத்ஜாக்ஸின் சொந்த எழுத்துருக்களில் தமிழ் இல்லை. 'வேகம் = தூரம் ÷ நேரம்' என்பதைப் பின்ன வடிவில் போட்டால், தமிழ்ச் சொற்களுக்கு பிரவுசர் வேறொரு எழுத்துருவைத் தேடும். அளவு பொருந்தாமல் 'நேரம்' கோட்டில் இடிக்கும், அல்லது எட்டி நிற்கும். யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டிய கணக்குக் குறிப்புகளை இணையத்தில் ஒட்டினால் வெறும் குப்பையாகத் தெரிவது இன்னொரு சங்கதி. இரண்டுமே சரிசெய்யக் கூடியவை. தமிழில் பாடம் போடுகிறோம் என்பவர்கள் இதைச் சரிபார்க்காமல் விடுவது கவனக்குறைவு என்றே சொல்வேன்.

இரண்டாவது வேலை: அசைப்பது

பழைய பாடப் பக்கங்கள் ஏன் திறப்பதில்லை? அவை ஜாவா ஆப்லெட், பிளாஷ் என்ற இரண்டு செருகுநிரல்களை நம்பி எழுதப்பட்டவை. பிரவுசருக்குள் வேறொரு நிரலைச் செருகி ஓட்டும் முறை அது; கணினிக்குள் கெட்ட நிரல் நுழைய வழியாகவும் இருந்தது. 2015-இல் குரோம் ஜாவா செருகுநிரலைக் கைவிட்டது. பிளாஷின் ஆயுள் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. ஐபோன் 2007-இல் வந்தபோதே பிளாஷை ஏற்கவில்லை. ஆசிரியர்கள் பல வருடம் உழைத்துச் செய்த பாடங்கள் அதோடு போயின. இதை நினைத்தால் இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

தப்பித்தவை, திறந்த இணைய முறைகளுக்கு மாறியவை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் மாணவராக இருந்தபோது தொடங்கிய ஜியோஜீப்ரா (வடிவங்களை அமைத்து இழுத்துப் பார்க்கும் இலவச மென்பொருள்) முதலில் ஜாவாவில்தான் இருந்தது. பிறகு பிரவுசருக்குச் சொந்தமான ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வந்தது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோவில் தொடங்கிய 'பெட்' என்ற ஊடாடும் அறிவியல், கணிதப் பாடங்களும் அப்படியே மாறின. ஜெர்மனியின் பைராய்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ஜேஎஸ்எக்ஸ்கிராப், வரைபடங்களுக்குப் பேர்போன டெஸ்மோஸ் ஆகியவையும் செருகுநிரல் இல்லாமல் ஓடுபவை.

இவற்றில் ஒரு ஸ்லைடரை நகர்த்தும்போது என்ன நடக்கிறது? வரிசையாகப் பார்ப்போம். மாறியை 'க' என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் அ × க² என்ற பரவளையம் இருக்கிறது. 'அ' என்ற கெழுவுக்கு ஒரு ஸ்லைடர்.

1. விரல் நகர்ந்ததை பிரவுசர் நிரலுக்குச் சொல்கிறது. ஸ்லைடரின் இடத்திலிருந்து 'அ'வின் புது மதிப்பு கிடைக்கிறது.
2. நிரல், இடது ஓரம் முதல் வலது ஓரம் வரை சில நூறு இடங்களில் 'க'வின் மதிப்பைப் போட்டு, ஒவ்வோர் இடத்திலும் உயரத்தைக் கணக்கிடுகிறது.
3. அந்தப் புள்ளிகளைக் குட்டிக் குட்டி நேர்கோடுகளால் இணைக்கிறது. கண்ணுக்கு வளைகோடாகத் தெரிகிறது.
4. பழைய கோட்டை அழித்துப் புதியதைப் போடுகிறது. நொடிக்கு 60 தடவை இது நடந்தால் அசைவு வழுவழுப்பாக இருக்கும். அதாவது ஒரு தடவைக்கு 16 மில்லிநொடிதான் நேரம்.

இதிலிருந்து கிளைக்கும் விளைவுகள் முக்கியமானவை. முதலாவது, இந்தக் கணக்கெல்லாம் மாணவரின் மொபைலிலேயே நடக்கிறது, தொலைவில் உள்ள சர்வரில் இல்லை. பக்கம் ஒருமுறை இறங்கிவிட்டால், அதன் பிறகு எத்தனை தடவை இழுத்தாலும் டேட்டா செலவாகாது. பத்து நிமிட வீடியோ பல பத்து எம்.பி.யைத் தின்னும், ஒரு ஊடாடும் பக்கம் சில எம்.பி.யில் முடியும். 'சர்வீஸ் வொர்க்கர்' என்ற ஏற்பாட்டைப் பாடம் செய்தவர் சேர்த்திருந்தால், பக்கம் மொபைலிலேயே தங்கி நெட் இல்லாமலும் திறக்கும். அன்றாட டேட்டா அளவு தீர்ந்து, அப்பாவின் மொபைலுக்காகக் காத்திருக்கும் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது, விலை குறைந்த மொபைலில் கனமான பக்கம் திணறும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாமதமானால், விரலுக்கும் கோட்டுக்கும் உள்ள உறவு அறுந்துவிடும். 'நான் நகர்த்தினேன், அதனால் இது மாறியது' என்ற உணர்வு போய்விட்டால் ஊடாட்டமும் போய்விட்டது.

மூன்றாவது, வரைபடம் பொய் சொல்லும். 1 ÷ க என்பதை வரையச் சொல்லுங்கள். 'க' பூச்சியத்தை இடப்பக்கமிருந்து நெருங்கும்போது கோடு அதலபாதாளத்துக்குப் போகும். வலப்பக்கமிருந்து நெருங்கும்போது வானத்துக்குப் போகும். பூச்சியத்தில் மதிப்பே கிடையாது. ஆனால் புள்ளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு இணைக்கும் நிரல், பாதாளத்துப் புள்ளியையும் வானத்துப் புள்ளியையும் சேர்த்து நடுவில் ஒரு நெட்டைக் கோடு போட்டுவிடும். நல்ல மென்பொருள்கள் இதைக் கண்டுபிடித்துத் தவிர்க்கின்றன. அவசரமாகச் செய்த தளங்களில் அந்தக் கோடு நிற்கும், பிள்ளையும் நம்பிவிடும்.

மூன்றாவது வேலை: திருத்துவது

இருப்பதிலேயே கடினமானது இதுதான். பெற்றோர் சந்திக்கும் 'சரியான விடைக்குத் தவறு' எல்லாம் இங்கிருந்து வருபவை.

எளிமையான தளங்கள் விடையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். '1/2' என்று எதிர்பார்க்கும் தளத்தில் '0.5' தட்டினால் தவறு. நடுவில் ஓர் இடைவெளி விட்டாலும் தவறு. சரி, எண்ணாக மாற்றி ஒப்பிடலாமே என்றால், அங்கே வேறொரு பள்ளம். ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 வரும். கணினி எண்களை இரண்டின் அடுக்குகளின் கூட்டலாக வைத்திருக்கிறது. நம் பத்தடிமான முறையில் மூன்றில் ஒன்றை 0.333 என்று முடிவில்லாமல் எழுதுவதுபோல, இரண்டடிமான முறையில் பத்தில் ஒன்று முடிவில்லாமல் போகும். எங்கேயோ வெட்டியாக வேண்டும், அந்த வெட்டின் மிச்சம்தான் கடைசியில் வரும் 4. இது தெரிந்த நிரலாளர் சின்ன வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி எழுதுவார். தெரியாதவர் எழுதிய தளத்தில் பிள்ளை அழும்.

இயற்கணிதத்துக்கு வந்தால் ஆழம் கூடுகிறது. (அ + ஆ)² என்பதன் விரிவு அ² + 2அஆ + ஆ². 'அ² + ஆ²' என்று எழுதுவது பிள்ளைகள் அடிக்கடி செய்யும் தவறு. இரண்டு கோவைகள் ஒன்றுதானா என்று பார்க்க எளிய வழி, எண்களைப் போட்டுப் பார்ப்பது. அ = 3, ஆ = 4 என்றால் சரியான விடை 49, தவறானது 25. பிடிபட்டது. ஆனால் அ = 3, ஆ = 0 என்று போட்டால் இரண்டுமே 9; தவறு தப்பித்துவிடும். எந்த எண், எத்தனை எண் என்பதைக் கணிதமே சொல்கிறது. ஒரே மாறி உள்ள இரண்டு வெவ்வேறு இருபடிக் கோவைகள் அதிகபட்சம் இரண்டு இடங்களில்தான் ஒத்துப்போக முடியும். மூன்று எண்களில் ஒத்துப்போனால் இரண்டும் ஒன்றே. பள்ளிக் கணக்குக்கு இது போதும். சைன், அடுக்கு, மட்டு எல்லாம் கலந்த கோவைகளுக்கு வந்தால், எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே சோதனை முறை இருக்கவே முடியாது என்று டேனியல் ரிச்சர்ட்சன் 1968-இல் நிறுவினார்.

இதற்குப் பிறகும் ஒரு பொறி இருக்கிறது. 'க² + 5க + 6 என்பதைக் காரணிப்படுத்துக' என்பது கேள்வி. பிள்ளை கேள்வியையே திரும்ப விடையாகத் தட்டினால்? மதிப்பில் இரண்டும் சமம்தான். எண் போட்டுப் பார்க்கும் தளம் 'சரி' என்று சொல்லிவிடும். மதிப்பு மட்டும் போதாது, (க + 2)(க + 3) என்ற வடிவத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் ஸ்டாக் என்ற திருத்தும் அமைப்பு இதைச் செய்கிறது. கிறிஸ் சாங்வின் இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது தொடங்கியது அது. பின்னணியில் மாக்ஸிமா என்ற இலவசக் குறியீட்டுக் கணித மென்பொருள் வேலை செய்கிறது. 'அ² + ஆ²' என்று வந்தால் வெறுமனே சிவப்புக் குறி போடாமல், 'இரண்டுக்கும் 1 போட்டுப் பார்' என்று சொல்லும்படி அதில் ஆசிரியர் அமைத்துவைக்கலாம்.

இவ்வளவு பாடுபட வேண்டாம் என்பதற்காகத்தான் பெரும்பாலான தளங்கள் 'நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு' என்பதோடு நின்றுவிடுகின்றன. திருத்துவது சுலபம். ஆனால் கணிதம் கற்பவர் ஒரு விடையை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கட்டி எழுப்ப வேண்டும். நான்கு விடைகளையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்துச் சரியானதைப் பிடிப்பது வேறு திறமை. இணையக் கணிதத்தில் நாம் இழப்பதிலேயே பெரிய இழப்பு இதுதான் என்பது என் கருத்து.

மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு இதில் என்ன?

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது; அதில் தமிழும் ஒன்று. இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளை ஒரே கணக்கை நான்கு மொழியில் கேட்கிறது. வீட்டிலும் தமிழ்வழி வகுப்பிலும் 'பின்னம்'. மராத்தியில் 'அபூர்ணாங்க்'. இந்தியில் 'பின்ன்'. டியூஷனில் 'ஃபிராக்‌ஷன்'. மேலே இருப்பது தமிழில் தொகுதி, மராத்தியிலும் இந்தியிலும் அம்ஷ். கீழே இருப்பது தமிழில் பகுதி, மராத்தியில் சேத், இந்தியில் ஹர். மராத்திவழிப் புத்தகங்கள் பலவற்றில் எண்களே தேவநாகரி வடிவத்தில் இருக்கும். நடுவில் பயிற்றுமொழி மாறும் பிள்ளைக்குக் கணிதம் புரியாமல் போவதில்லை, பெயர்கள்தான் காலை வாரிவிடுகின்றன.

ஊடாடும் பாடம் இங்கே பெரிய உதவி செய்ய முடியும். முறையாக எழுதிய நிரலில் படமும் சொற்களும் தனித்தனியே இருக்கும். சொற்பட்டியலை மட்டும் மொழிபெயர்த்தால் அதே பாடம் தமிழில் ஓடும், மராத்தியிலும் ஓடும். வீடியோவில் இது இவ்வளவு சுலபமில்லை. குரலையாவது முழுக்க மறுபடி பதிய வேண்டும். பெட் பாடங்களைத் தன்னார்வலர்கள் மொழிபெயர்ப்பது இந்த முறையில்தான். ஒரே முக்கோணத்தின் மேல் மொழியை மாற்றி மாற்றிப் பார்க்கும் பிள்ளைக்கு, பெயர் மாறினாலும் பொருள் மாறவில்லை என்பது கண்ணெதிரே தெரியும்.

இந்த ஊரிலேயே இந்தத் துறையில் வேலை செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. மான்குர்தில், செம்பூருக்குப் பக்கத்திலேயே, 1974-இல் தொடங்கிய ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. பவாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், ஜியோஜீப்ரா போன்ற இலவச மென்பொருள்களைக் குறும்பாடங்களாகச் சொல்லித்தருகிறது. காட்சியை அப்படியே வைத்துக் குரலை மட்டும் இந்திய மொழிகளில் மாற்றுவது அதன் முறை, தமிழும் அதில் உண்டு. தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம், அமெரிக்காவின் எம்.ஐ.டி., டாடா அறக்கட்டளைகள் ஆகியவை சேர்ந்து நடத்திய கிளிக்ஸ் திட்டத்தில் நாற்கரங்களின் பண்புகளை வைத்துத் துப்புத் துலக்கும் விளையாட்டு ஒன்று இருந்தது. ஆனால் அந்தத் திட்டம் ராஜஸ்தான், சத்தீஸ்கர், மிசோரம், தெலங்கானா பள்ளிகளுக்காகச் செய்தது. தாராவிக்கு வரவில்லை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. படத்தைத் தொட்டு இழுக்க முடிகிறதா? முடிந்தால், ஏடாகூடமான இடத்துக்கு இழுத்துப் பாருங்கள். முக்கோணத்தைத் தட்டையாக்கினால் என்ன ஆகிறது?
2. ஒருமுறை திறந்த பின் நெட்டை அணைத்தால் ஓடுகிறதா?
3. அரை என்பதை 1/2, 2/4, 0.5 என்று மூன்று விதமாகத் தட்டினால் என்ன சொல்கிறது? 'சுருக்கிய வடிவில் தா' என்று கேட்டிருந்தால் 2/4-ஐ மறுக்கலாம். ஏன் மறுக்கிறது என்றும் சொல்ல வேண்டும்.
4. இதே வேலையை இலவசமாகச் செய்யும் ஜியோஜீப்ராவைவிட இது கூடுதலாக எதைத் தருகிறது?

நான்காவது கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்று உண்டு: ஆசிரியர். ஸ்லைடர் தானாகக் கற்றுத்தராது. கேள்வி இல்லாமல் மொபைலைக் கொடுத்தால், பிள்ளை இரண்டு நிமிடம் அங்குமிங்கும் ஆட்டிவிட்டு அலுத்துவிடும். நகர்த்துவதற்கு முன்பே 'அ'வைக் குறைத்துக் குறைத்துப் பூச்சியமாக்கினால் கோடு என்ன ஆகும், அதற்கும் கீழே போனால் என்ன ஆகும் என்று சொல்லவைத்துவிட்டுப் பிறகு நகர்த்தச் சொன்னால், நினைத்ததும் கண்டதும் மோதும். அந்த மோதலில் நிறையக் கற்கலாம்.

இதற்கு ஆளுக்கொரு மொபைல் தேவையில்லை. பத்துக்குப் பத்து அறையில் நான்கு பிள்ளைகள், ஒரு மொபைல் என்றால் மொபைலை ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். மற்ற மூவரும் கோடு எப்படி மாறும் என்று நோட்டில் முதலில் வரையட்டும். பிறகு அந்த ஒருவர் விரலை நகர்த்த, நோட்டையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அடுத்த கேள்விக்கு மொபைல் கை மாறட்டும்.